நாலாவது அடி

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது, தங்கச்சி. வேறு விஷயமாக இருந்தால் முன்னே பின்னே சொன்னாலும் பரவாயில்லை. இதை மாற்றிச் சொன்னால் வம்பாகிவிடும். உங்களுக்கு இல்லை, எனக்கு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். நீங்கள் எங்கே இறங்குகிறீர்கள்? சத்திரம் பஸ் ஸ்டாண்டா? அப்படியென்றால் சரி. நடுவில் இறங்குகிறவர்களிடம் நான் இதை ஆரம்பிப்பதே இல்லை. போன வாரம் ஒரு அம்மாவிடம் பாதி சொல்லியிருந்தேன். புலிவலத்தில் எழுந்து போய்விட்டது. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு திருச்சி வரைக்கும் பட்டினியாகப் போனேன்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். படித்தவர்கள் மாதிரி கோவையாகச் சொல்ல வராது. ஆனால் ஒன்றைக் காதில் வாங்கிவிட்டால் மறக்க மாட்டேன். அதுதான் எல்லா வம்புக்கும் காரணம். மறந்து தொலைத்திருந்தால் இந்தச் சண்டையே கிடையாது.

என் மருமகள் பெயர் ஹேமா. ஆம்புலன்சில் வேலை. ஓட்டுகிற வேலை இல்லை. பின்னால் நோயாளியோடு உட்கார்ந்து போகிற வேலை. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இரண்டும் அவள்தான் என்று என் பையன் லோகு சொல்வான். அவனுக்கு அவள் தும்மினாலும் பெருமை.

போன வருஷம் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஹேமாவைப் பேசச் சொன்னார்கள். சமுதாயக் கூடத்தில் அத்தனை பேர். இடுப்பு வரைக்கும் இருக்கிற ஒரு ரப்பர் பொம்மையைக் கொண்டுவந்து மேஜை மேல் படுக்க வைத்து, மூச்சு நின்றுபோனவருக்கு நெஞ்சை எப்படி அமுக்குவது என்று காட்டினாள். அப்புறம் தொண்டையில் சாப்பாடு அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று காட்ட, "அத்தை, நீங்க வாங்க" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். அன்றைக்கு எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன்.

என்னை நிற்க வைத்துப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். "பெரியவங்களுக்கு அடைச்சுக்கிட்டா முதுகுல தட்ட வேணாம். இப்படிப் பின்னால நின்னு, தொப்புளுக்குக் கொஞ்சம் மேல கையை முட்டியா வெச்சு, இன்னொரு கையால அதைப் புடிச்சு, உள்ள இழுத்து மேல தூக்கணும். உள்ள, மேல. உள்ள, மேல." இதுதான் அவள் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை இதுதான். முதுகில் தட்ட வேண்டாம் என்று சொன்ன வாய் அவள் வாய்தான். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லிக் கொடுத்தேன். எதிர்வீட்டு ரிட்டையர்டு கண்டக்டருக்கு விக்கல் வந்தாலே நான் எழுந்துவிடுவேன். "ஆத்தா, வெறும் விக்கல்தான், கிட்ட வராத" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

அப்புறம் ஹேமாவுக்கு மாசமானது. லீவு போடுவதற்கு முன்னால் அவர்கள் ஆபீசில் ஏதோ பயிற்சி வகுப்பு வைத்தார்களாம், போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "அத்தை, ரூலை மாத்திட்டாங்க" என்றாள். எந்த ரூல் என்று எனக்கு எப்படித் தெரியும்? "உங்க ஆபீஸ்ல மாத்தாம எதை விட்டு வெச்சாங்க?" என்றேன். ஷிப்ட் விஷயம் என்று நினைத்தேன். அவள் ஏதோ சொன்னாள். சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, கோமளா அக்காவும் போனில் இருந்தாள். கோமளா என் கூடப்பிறந்த அக்கா, உப்பிலியபுரத்தில் இருக்கிறாள். ஒரு பெரிய விஷயம் சொல்கிறவள் டிவியை அணைத்துவிட்டுச் சொல்ல வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்கிறீர்களா? இல்லை, இல்லை, ஜன்னல் எனக்கே இருக்கட்டும். வெயில்தான். அந்தப் பக்கம் நிழல் இருக்கிறது, தெரியும். எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, எங்கள் செலவில். மண்ணச்சநல்லூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வேன் பிடித்து வந்தார்கள். ஹேமாவை மணையில் உட்கார வைத்து, சந்தனம் பூசி, முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் போட்டோம். சிவப்பும் பச்சையும். அவள் கையை அசைத்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். சாப்பாடு முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

விடிந்ததிலிருந்து நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. சமையல்காரனை விரட்டுவதா, வந்தவர்களைக் கவனிப்பதா. ஆரத்தித் தட்டில் உடைத்த தேங்காய் இருந்தது. ஒரு சில்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே கோமளா அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஹேமாவைப் பற்றித்தான். குறையாக இல்லை, பொதுவாக. "வேலைக்குப் போற மருமகள்னா இப்படித்தான்க்கா, ஒரு ரசம் வெச்சுத் தான்னா..."

ரசம் வரைக்கும்தான் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். இருமல் வரவில்லை, தங்கச்சி. இருமல் வந்தால் பயம் இல்லை. இருமுகிறவரை இருமச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். சத்தம் இருக்கிற வரைக்கும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். எனக்குச் சத்தமே வரவில்லை. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கிணற்றை மூடிப் போட்ட மாதிரி. சாகப் போகிறவள் கத்துவாள், உருளுவாள் என்று நினைப்போம். ஒன்றும் இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்துகொண்டு, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

கோமளா அக்கா என்ன செய்தாள் தெரியுமா? உச்சந்தலையில் தட்டினாள். "புரை ஏறிடுச்சு. யாரோ உன்னை நெனைக்கிறாங்கடி." யார் நினைப்பார்கள்? என்னை நினைக்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பந்தலுக்குள்தான் இருந்தார்கள். இன்னும் இரண்டு தட்டு தட்டிவிட்டு, தண்ணீர்ச் சொம்பை என் வாய்க்குக் கொண்டுவந்தாள்.

அதற்குள் என் கண்ணில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்துவிட்டது. சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு, "பாருங்க, பாருங்க, மருமக பொறந்த வீட்டுக்குப் போறாளேன்னு சம்பந்தி எப்படிக் கலங்குறாங்க" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அடடா என்றார்கள். ஒருத்தி தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இவர்கள் என் நல்ல மனசைப் பார்த்து உருகுகிறார்கள்.

ஹேமா மட்டும்தான் எழுந்தாள். காலையில் மணையில் உட்கார வைக்க இரண்டு பேர் பிடித்தோம். இப்போது எப்படி எழுந்தாள் என்று தெரியவில்லை. வளையல் சத்தம் கேட்டது, திரும்பினால் முன்னால் நிற்கிறாள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று லோகு பிறகு கேட்டானாம். "அத்தை பேச்சு பாதியில நின்னுச்சு. அத்தை பேச்சு பாதியில நின்னு நான் பாத்ததே இல்லை" என்றாளாம். இதையெல்லாம் வெட்கமில்லாமல் என்னிடம் வந்து சொல்கிறான்.

சொம்பைத் தட்டிவிட்டாள். "தண்ணி குடுக்காதீங்க!" என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அத்தை, பேச முடியுதா? பேசுங்க அத்தை, பேசுங்க" என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னைப் பேசச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அப்போது பார்த்து என்னால் முடியவில்லை.

தலையை மட்டும் ஆட்டினேன். உடனே என்னைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கையை என் நெஞ்சில் கொடுத்து, இடுப்போடு முன்னால் சாய்த்தாள். லோகுவைப் பார்த்து, "என்னங்க, இப்படி வந்து நில்லுங்க. அஞ்சுக்கும் வரலைன்னா வயித்தை நீங்கதான் அமுக்கணும். என் வயிறு இடிக்கும், என்னால கட்டிப் புடிக்க முடியாது" என்றாள். சொல்லி முடிக்கவில்லை, என் முதுகில் இறங்கியது முதல் அடி.

தட்டு இல்லை, தங்கச்சி. அடி. உள்ளங்கையின் அடிப்பக்கம் இருக்கிறதே, மணிக்கட்டுக்கு மேலே, அந்தக் கெட்டியான இடம். அதை வைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில். முதல் அடிக்குக் கண் இருண்டது. இரண்டாவதுக்குக் கொண்டை அவிழ்ந்து விழுந்தது. மூன்றாவதுக்குத் தேங்காய் வெளியே பறந்தது. சம்பந்தியம்மாவின் அரக்குப் பட்டு மடியில் போய் உட்கார்ந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அந்த அம்மாள் "அய்யய்யோ" என்று எழுந்து புடவையை உதறியது. தேங்காய் வெளியே வந்துவிட்டது. காற்று உள்ளே போய்விட்டது. வேலை முடிந்துவிட்டது.

அதற்கு அப்புறம் விழுந்தது நாலாவது.

அந்த நாலாவதில்தான் வளையல் உடைந்தது. பளீர் என்று. ஏழெட்டு வளையல் என் முதுகிலேயே நொறுங்கி, துண்டெல்லாம் பந்தலுக்குள் சிதறி, அவள் மணிக்கட்டில் கீறி ரத்தம். வளைகாப்பு வளையல், தங்கச்சி. போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

எனக்குக் குரல் திரும்பியதும் முதலில் வந்த வார்த்தை, "எதுக்குடி அடிக்கிற?" என்பதுதான். அதைக் கேட்டதும் ஹேமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுதாள் என்கிறார்கள். சிரித்தாள் என்றுதான் எனக்குப் பட்டது.

கிழவிகள் ஆரம்பித்துவிட்டார்கள். "வளைகாப்பு அன்னிக்கே வளையல் ஒடைஞ்சுடுச்சே." "அதுவும் மாமியா முதுகுல." நான் பிழைத்தது அப்போது எனக்குத் தெரியவே இல்லை. உடைந்த வளையல்தான் தெரிந்தது. வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்றுதான் கேட்டேன்.

"பெரியவங்களுக்கு வயித்துலதான்னு நீதானடி சொன்ன? அத்தனை பேர் முன்னாடி, பொம்மையெல்லாம் வெச்சு?"

"ரூல் மாறிடுச்சு அத்தை. இப்போ முதல்ல முதுகுல அஞ்சு. வரலைன்னா வயித்துல அஞ்சு. திரும்ப முதுகு, திரும்ப வயிறு. வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. நான் அன்னிக்கே சொன்னேனே."

"எப்போ மாறுச்சு?"

"இப்போதான், புதுசா."

"ஏன், என் முதுகுன்னதும் மாறிடுச்சா?"

சம்பந்தியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உசுரைக் காப்பாத்துனவளைப் பாத்து இப்படியா கேப்பீங்க சம்பந்தி?"

"காப்பாத்துனது மூணு அடி. அதுக்கு நான் கையெடுத்துக் கும்புடுறேன். நான் கேக்குறது நாலாவதை" என்றேன். நியாயம்தானே? மூன்றோடு நிறுத்தியிருந்தால் வளையல் முழுசாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை வந்திருக்காது. அவர்கள் பந்தியில்கூட சரியாக உட்காராமல் அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஏழு வகைச் சாதம், அண்டா அண்டாவாக மீந்தது.

இது இத்தோடு முடிந்திருக்கும். வீடியோ எடுக்கிறவன் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தான். "அக்கா, இந்த சீனை ஆல்பத்துல வெக்கவா, எடுத்துடவா?" என்று என்னிடமே கேட்கிறான். அதற்குள் கோமளா அக்காவின் பையன் முதல் அடியிலிருந்து நாலாவது அடி வரைக்கும் மட்டும் வெட்டி, மேளச் சத்தம் சேர்த்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டான். மறுநாள் முழுக்க போன். "மருமக கை நீட்டிட்டாளாமே?" நான் என்ன சொல்ல? சிலபேரிடம் தேங்காயிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். எல்லாரிடமும் அவ்வளவு நேரம் பேச முடியுமா? சிலபேரிடம், "ஆமா, அடிச்சா" என்று மட்டும் சொன்னேன். அடித்தாளா இல்லையா? பொய் இல்லையே. அது ஹேமா காதுக்குப் போய்விட்டதாம். நான் மூச்சு விடாமல் நின்றபோது வாய் திறக்காத சொந்தம், இதற்கு மட்டும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறது.

முழு வீடியோவையும் லோகு போனில் வைத்திருக்கிறான். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அவள் கையைத்தான் பார்ப்பேன். மூணு, தேங்காய் பறக்கிறது, நாலு. ஒவ்வொரு தடவையும் நாலு. "கையையே ஏம்மா பாக்குற? அவ மூஞ்சியைப் பாரு" என்பான். மூஞ்சியில் என்ன இருக்கிறது? சந்தனத்துக்கு மேலேயே வெளுத்துப் போயிருக்கிறது. உதடு என்னவோ முணுமுணுக்கிறது. சுற்றி நின்றவர்கள் போட்ட சத்தத்தில் கேட்காது. "அத்தை, அத்தைங்கிறாம்மா" என்பான் லோகு. இருக்கலாம். அதற்கும் நாலாவது அடிக்கும் என்ன சம்பந்தம்?

குழந்தை பிறந்துவிட்டது. பெண். நல்லபடியாகத்தான் பிறந்தது, கருகருவென்று தலைமுடியோடு. லோகு போட்டோ காட்டினான். நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. கூப்பிட்டார்கள். கூப்பிடவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்த நாலாவதுக்கு ஒரு வார்த்தை. கைதவறி விழுந்துவிட்டது அத்தை என்று ஒரு வார்த்தை. நானே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவேன். லோகு இதைச் சொன்னதற்கு அவள் போனில் என்ன சொன்னாள் தெரியுமா? ஸ்பீக்கரில் போட்டான், நானே கேட்டேன்.

"பின்னாடி நின்னவளுக்குத் தேங்கா எப்படித் தெரியும்? அவங்க குரல் கேக்குற வரைக்கும் அடிச்சேன். கேட்டுச்சு, நிறுத்திட்டேன். கைதவறி அடிச்சேன்னு நான் ஏன் சொல்லணும்? நாளைக்கே இன்னொரு தடவை ஆனாலும் அப்படித்தான் அடிப்பேன்."

பாருங்கள். இன்னொரு தடவையும் அடிப்பாளாம்.

சரி, சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். என் பாட்டைக் கேளுங்கள். அவள் போனதிலிருந்து வீட்டில் நானும் லோகுவும்தான். அவனுக்கு நூல் மில்லில் ஷிப்ட். நான் சாப்பிடுகிற நேரம் வீட்டில் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம். தட்டை முன்னால் வைத்தால் பந்தல்தான் ஞாபகம் வருகிறது. வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றேனே, அது. அன்றைக்காவது அத்தனை பேர் இருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு ஒருத்தி மட்டும் இருக்கும்போது அடைத்துக்கொண்டால்? கத்த முடியாது. அதுதானே இதில் கொடுமை, கத்த முடியாது.

கதவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். நாய் உள்ளே வந்தது. கஞ்சியாகக் குடித்துப் பார்த்தேன். தையல் மிஷின் மிதிக்கத் தெம்பு வேண்டாமா? ஜாக்கெட் தைத்துத் திருச்சியில் ஒரு கடைக்குக் கொடுக்கிறேன், அதில்தான் என் பிழைப்பு. என் ஜாக்கெட்டையே இரண்டு தடவை பிடித்துத் தைத்தாகிவிட்டது. தனியாக இருந்தால் நாற்காலி முதுகின் மேல் வயிற்றை வைத்து வேகமாக அழுத்த வேண்டும் என்று ஹேமா அந்தக் கூட்டத்தில் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் இருப்பது பிளாஸ்டிக் நாற்காலி. பழகிப் பார்க்கலாம் என்று அழுத்தினேன். நாற்காலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எதிர்வீட்டுக் கண்டக்டர் ஓடி வந்து தூக்கினார். "இப்போ யாருக்கு ஆத்தா விக்கல்?" என்றார்.

லோகுவிடம் சொன்னேன், எனக்குச் சாப்பிடப் பயமாக இருக்கிறது என்று. அடுத்த நாளிலிருந்து காலையில் அவனே சமைத்து டப்பாவில் போட்டுத் தருகிறான். வெங்காயம் உரிக்கத் தெரியாத பயல். இப்போது பீன்ஸை அரிசி மாதிரி நறுக்குகிறான். சாதத்தைக் குழைய விடுகிறான். போனை எண்ணெய் டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, அதில் யாரோ சொல்லச் சொல்ல நறுக்குகிறான். "இன்னும் சின்னதா, இன்னும் சின்னதா" என்று குரல் வரும். யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எதற்கு?

ரூல் முழுவதையும் அவனிடம்தான் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆள் மயங்கி விழுந்துவிட்டால் அடிப்பதை நிறுத்திவிட்டு, படுக்க வைத்து நெஞ்சை அமுக்க ஆரம்பிக்க வேண்டுமாம், ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொல்லிவிட்டு. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால் வயிற்றில் கை வைக்கக் கூடாதாம், நெஞ்சில்தானாம். கைக்குழந்தைக்கும் வயிறு ஆகாதாம். முழங்கை மேல் குப்புறப் போட்டு, தலை தாழ்வாக இருக்கிற மாதிரிப் பிடித்து, முதுகில் அஞ்சு. அப்புறம் மல்லாத்தி, நெஞ்சில் அஞ்சு. முன்னால் நெஞ்சில் இரண்டு விரலை வைத்து அமுக்கச் சொன்னார்களாம், அதையும் மாற்றிவிட்டார்கள். இப்போது ஒரு உள்ளங்கையின் அடிப்பக்கத்தால். ஒரு துண்டைச் சுருட்டி முழங்கை மேல் போட்டுக்கொண்டு பழகிப் பார்த்தேன். தலை தொங்காமல் பிடிப்பதுதான் கஷ்டம். தாடையை விரலால் தாங்கிக்கொள்ள வேண்டும். சும்மாதான் பழகினேன். வீட்டில் கைக்குழந்தையா இருக்கிறது?

இந்தப் பையிலா? கடைக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட். அது சட்டை. மிச்சத் துணியில் தைத்தது. ஆமாம், சின்னதுதான். மிச்சத் துணியில் பெரிதாகவா தைக்க முடியும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திருவெள்ளறை தாண்டிவிட்டோம். மண்ணச்சநல்லூரில் மெயின் ரோட்டிலேயே, ரைஸ் மில்லுக்கு அடுத்த மாடி வீடு சம்பந்தி வீடு. பஸ் அங்கே நிற்கும். மாடியில் கொடி கட்டியிருப்பார்கள். போன வாரம் அதில் வெள்ளைத் துணி வரிசையாகக் காய்ந்தது, சின்னச் சின்னதாக. நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் கண்ணில் படத்தானே செய்யும்? அந்த ஸ்டாப் வந்துவிட்டால் எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது. அதனால் அதற்கு முன்னால் சாப்பிட்டுவிட வேண்டும்.

நான் என்ன ஏற்பாடு செய்துகொண்டேன் என்றால், இனி ஆள் இல்லாத இடத்தில் சாப்பிடுவது இல்லை. அதுவும் விஷயம் தெரியாத ஆளாக இருந்தால் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தே கொன்றுவிடுவார்கள். அதனால் முதலில் முழுதாகச் சொல்லிவிடுவேன், அப்புறம்தான் டப்பாவைத் திறப்பேன். நேற்று ரேஷன் கடை வரிசையில் சாப்பிட்டேன். முந்தாநாள் பூக்கட்டுகிறவளுக்குப் பக்கத்தில். இன்றைக்கு உங்களை ஏன் பிடித்தேன் தெரியுமா? துறையூரில் நீங்கள் ஏறும்போதே பார்த்தேன். அந்த மூட்டையை ஒரே கையால் தூக்கி சீட்டுக்கு அடியில் தள்ளினீர்கள். உள்ளங்கையைக் காட்டுங்கள். ம். நல்ல கை.

ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள் பார்ப்போம். இல்லை, அதற்கு முன்னால். முதலில் என்னைக் கேட்க வேண்டும், பேச முடிகிறதா என்று. இருமினால் விட்டுவிட வேண்டும். சத்தம் வரவில்லை என்றால்தான். ஆமாம், முன்னால் சாய்த்து. நெஞ்சில் ஒரு கை. முதுகில் அஞ்சு. வயிற்றில் அஞ்சு. திரும்ப முதுகு. சரி.

மூன்றிலேயே வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். நீங்கள் என் பின்னால் அல்லவா இருப்பீர்கள், வந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? கணக்குப் பார்த்துக்கொண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள். என் குரல் கேட்கிற வரைக்கும் அடியுங்கள். நாலாவது விழுந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் என்ன, என் மருமகளா?

சரி, டப்பாவைத் திறக்கிறேன். பீன்ஸைப் பாருங்கள், என்ன பொடியாக இருக்கிறது. இனி நான் பேச மாட்டேன், தங்கச்சி. வாயில் சோறு இருக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருங்கள்.